ஃப்ரீலான்ஸ் தளத்தில் சேவையாளராகப் பதிவு செய்வது எப்படி? ஆவணத்தில் தொடங்கி முதல் பணம் கைக்கு வரும் வரை

காணொளிகளுக்கு சப்டைட்டில் போடுவது என் வேலை. ஃப்ரீலான்ஸ் தளம் ஒன்றில் முதன்முதலாகப் பதிவு செய்தபோது ஒரே மாலையில் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். பதினோராம் நாள் முதல் ஆர்டர் வந்தது. வேலையை முடித்துக் கொடுத்தேன், வாடிக்கையாளருக்கும் பிடித்திருந்தது. பணத்தை எடுக்கப் போனபோது கணக்கு முடங்கியது. பதிவில் நான் கொடுத்த பெயரும் அடையாள ஆவணத்தில் இருந்த பெயரும் ஒன்றாக இல்லை என்பதுதான் காரணம். அதைச் சரிசெய்ய ஏழு வாரம் பிடித்தது. இடையில் அதே வாடிக்கையாளர் இரண்டாவது வேலை ஒன்றை அனுப்பியிருந்தார். கணக்கு பூட்டியிருந்ததால் பதில் போடக்கூட வழியில்லை. அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

அந்த ஏழு வாரம் உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். டிசைன், மொழிபெயர்ப்பு, கணக்கு எழுதுவது, கோடிங், குரல் கொடுப்பது என்று எந்தச் சேவையாக இருந்தாலும் வரிசை இதேதான். முதல் இரண்டு படிகளைச் செய்யும்போது பதிவுப் பொத்தானைத் தொடவே வேண்டாம்.

1. முதலில் ஒரு ஃபோல்டர் தயார் செய்யுங்கள்

கணினியில் ஒரு ஃபோல்டர் திறந்து இவற்றைப் போட்டு வையுங்கள்: அரசு கொடுத்த புகைப்பட அடையாள ஆவணம் (பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், தேசிய அடையாள அட்டை, இவற்றில் ஒன்று), வீட்டு முகவரிக்கான சான்று, வங்கிக் கணக்கு விவரம், உங்கள் நாட்டின் வரி அடையாள எண், முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படம், மூன்று மாதிரி வேலைகள். படத்தையும் மாதிரிகளையும் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு ஆவணங்கள் மட்டும்.

அடையாள ஆவணம், வங்கிக் கணக்கு, வரி எண் மூன்றையும் அருகருகே வைத்து உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் மட்டும் இருக்கும், இன்னொன்றில் அதையே விரித்து முழுப் பெயராக எழுதியிருப்பார்கள். ஒன்றில் குடும்பப் பெயர் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால். ஓர் எழுத்து கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும். நம் கண்ணுக்கு இதெல்லாம் ஒரே பெயர்தான். சரிபார்க்கும் மென்பொருளுக்கு இரண்டு வேறு ஆட்கள்.

பெயர்கள் ஒத்துப்போகவில்லை என்றால், எதை மாற்றுவது சுலபம் என்று பாருங்கள். பெரும்பாலும் வங்கிக் கணக்கில் திருத்துவதுதான் சீக்கிரம் முடியும். அடையாள ஆவணத்தில் இருப்பதை அசலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். இந்த ஒரு வேலைக்கு இரண்டு வாரம் போனாலும் பரவாயில்லை. கணக்கு தொடங்கி, பணமும் உள்ளே வந்த பிறகு இதே திருத்தத்தைச் செய்வது பல மடங்கு சிரமம்.

ஆவணத்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் முடிகிறது என்றால் முதலில் புதுப்பித்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் அதே சரிபார்ப்பை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

2. எந்தத் தளம்?

எல்லாத் தளமும் ஒன்றுபோல இயங்குவதில்லை. ஃபைவர் போன்ற தளத்தில் உங்கள் சேவையை ஒரு பொருள் மாதிரி காட்சிக்கு வைக்கிறீர்கள். அங்கே அதற்குப் பெயர் கிக். வாடிக்கையாளர் தேடி வந்து வாங்குவார். அப்வொர்க், ஃப்ரீலான்சர் போன்றவற்றில் வாடிக்கையாளர் தன் தேவையைப் போடுவார், நீங்கள் போய் விண்ணப்பிக்க வேண்டும்.

உங்கள் வேலைக்கு ஓர் அளவு இருக்கிறது, விலையை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றால் முதல் வகை நல்லது. பத்து நிமிடக் காணொளிக்கு சப்டைட்டில், ஒரு லோகோ, ஆயிரம் சொல் மொழிபெயர்ப்பு எல்லாம் அப்படிப்பட்டவை. வாடிக்கையாளரோடு பேசித்தான் வேலையின் அளவே தெரியும் என்றால் இரண்டாவது வகைக்குப் போங்கள்.

ஒரே நேரத்தில் நான்கு தளத்தில் கணக்கு திறக்காதீர்கள். ஒன்றில் முதல் ஐந்து வேலை முடியட்டும், அப்புறம் அடுத்ததைப் பார்க்கலாம். நான்கு இடத்திலும் அரைகுறையாக நிற்கும் ப்ரொஃபைலுக்கு எங்கேயும் வேலை வராது.

3. இப்போது பதிவு செய்யுங்கள்

இதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். இப்போதைய அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்கவே வேண்டாம். அந்த வேலையை விட்ட நாளில் இந்தக் கணக்கின் சாவியும் கையை விட்டுப் போய்விடும். போன் எண்ணும் நீண்ட நாள் உங்களிடம் இருக்கப்போகும் எண்ணாக இருக்கட்டும். இரண்டடுக்குப் பாதுகாப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) முதல் நாளே போட்டு, அது தரும் மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி ஆவணங்களோடு வையுங்கள். போன் தொலைந்தால் அந்தக் காகிதம்தான் உங்களைக் காப்பாற்றும்.

பெயர் கேட்கும் இடத்தில் அடையாள ஆவணத்தில் உள்ளதை அப்படியே தட்டுங்கள். செல்லப் பெயர், கடைப் பெயர், புனைபெயர் எதுவும் வேண்டாம். வாடிக்கையாளருக்குத் தெரியும் பெயரைப் பல தளங்களில் தனியாக வைத்துக்கொள்ள முடியும். நான் சொல்வது உள்ளே பதிவாகும் சட்டப்பூர்வப் பெயரை. பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிவிடாமல் கவனியுங்கள். சில தளங்கள் மாதத்தை முதலில் கேட்கும்.

இந்த இடத்தில் பலர் விழும் குழிகள் மூன்று.

விபிஎன், அதாவது நீங்கள் வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டக்கூடிய இணையச் செயலி, அதைப் போட்டுக்கொண்டு பதிவு செய்வது முதல் குழி. ஆவணம் ஒரு நாட்டுடையது, இணைய முகவரி இன்னொரு நாட்டுடையது என்றால் அந்தக் கணக்கு சந்தேகப் பட்டியலுக்குப் போய்விடும். பதிவிலிருந்து முதல் பணம் வரும் வரை அதை அணைத்தே வையுங்கள்.

அடுத்தது இரண்டாவது கணக்கு. ஒருவருக்கு ஒரு கணக்கு என்பதுதான் அநேகமாக எல்லாத் தளத்திலும் விதி. முதல் கணக்கில் ஏதோ தப்பாகிவிட்டது என்று புதிதாக இன்னொன்று திறந்தால் இரண்டுமே போகும். ஒரே வீட்டில், ஒரே கணினியில் இரண்டு பேர் கணக்கு வைத்திருந்தாலும் சிக்கல் வரலாம். அப்படி இருந்தால் இரண்டாவது கணக்கைத் திறக்கும் முன்பே உதவிக் குழுவுக்கு எழுதிச் சொல்லிவிடுங்கள். அந்த மெசேஜே பின்னால் உங்களுக்குச் சாட்சி.

மூன்றாவது, நண்பரின் பழைய கணக்கை வாங்குவது அல்லது வாடகைக்கு எடுப்பது. "ஏற்கெனவே ரிவ்யூ இருக்கு, அப்படியே உபயோகிச்சுக்கோ" என்று சொல்வார்கள். சரிபார்ப்பில் முகம் காட்டச் சொல்லும் நாளில் அந்தக் கணக்கோடு உள்ளே இருக்கும் பணமும் போகும். உங்கள் கணக்கை வாடகைக்குக் கேட்டு மெசேஜ் வந்தாலும் இதே பதில்தான். இன்னொருவர் செய்யும் மோசடிக்கு உங்கள் ஆவணம் பொறுப்பேற்க வேண்டியதாகிவிடும்.

4. அடையாளச் சரிபார்ப்பு

சில தளங்கள் பதிவின்போதே கேட்கும், சில முதல் ஆர்டருக்குப் பிறகோ பணம் எடுக்கும்போதோ கேட்கும். கேட்பதற்கு முன்பே நாமாகச் செய்துகொள்ளும் வசதி செட்டிங்ஸில் இருந்தால் முதல் நாளே முடித்துவிடுங்கள். கணக்கில் பணம் இருக்கும்போது செய்தால் பதற்றத்தில் தவறு வரும்.

ஆவணத்தை மேசைமேல் இருண்ட நிறத் துணி விரித்து வைத்து, பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். நான்கு மூலையும் படத்துக்குள் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். உறையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் ஓர் எண்ணை மறைத்தாலே நிராகரிப்பு வரும். ஜெராக்ஸை எடுத்த படம், போன் திரையில் தெரிவதை எடுத்த ஸ்க்ரீன்ஷாட், ஓரம் வெட்டிய படம் எல்லாம் திரும்பி வரும். பிறகு செல்ஃபியோ சின்ன வீடியோவோ கேட்பார்கள். கண்ணாடியையும் தொப்பியையும் கழற்றிவிட்டு, ஜன்னலைப் பார்த்து நின்று எடுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும்.

நிராகரித்தால் உடனே மறுபடி மறுபடி அனுப்பாதீர்கள். எத்தனை முறை முயலலாம் என்பதற்கு எல்லை இருக்கும். காரணத்தைப் படித்து, அந்த ஒன்றை மட்டும் சரிசெய்து அனுப்புங்கள். உதவிக் குழுவுக்கு எழுதும்போது ஒரே டிக்கெட்டில், அதாவது முதலில் பதிவான அதே புகாரில், தொடருங்கள். ஒவ்வொரு நாளும் புது டிக்கெட் போட்டால் ஒவ்வொன்றும் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். என் ஏழு வாரத்தில் மூன்று வாரம் அப்படித்தான் போனது.

5. ப்ரொஃபைல் எழுதுவது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு நாள் முழுக்கக் கொடுங்கள்.

முதலில் தலைப்பு. உங்களுக்கு ஐந்து வேலை தெரியும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். தலைப்பில் ஒன்று மட்டும் வரட்டும். "மொழிபெயர்ப்பு, டைப்பிங், டேட்டா என்ட்ரி, லோகோ டிசைன்" என்று எழுதினால் தேடலில் எதிலும் மேலே வர மாட்டீர்கள். பார்ப்பவருக்கும் இவருக்கு எது நன்றாக வரும் என்று தெரியாது. எந்த வேலைக்கு உங்களிடம் காட்ட மூன்று நல்ல மாதிரி இருக்கிறதோ அதைத் தலைப்பாக வையுங்கள்.

அடுத்தது அறிமுகம். அப்வொர்க் இதற்கு 5,000 எழுத்து வரை இடம் தருகிறது, ஃபைவர் கிக் விளக்கத்துக்கு 1,200 தருகிறது. ஆனால் தேடல் பட்டியலில் கண்ணில் படுவது முதல் இரண்டு வரிதான். என் முதல் அறிமுகம் இப்படித் தொடங்கியது:

"வணக்கம். நான் ஆறு ஆண்டு அனுபவமுள்ள, கடின உழைப்பும் அர்ப்பணிப்பும் கொண்ட சப்டைட்டில் நிபுணர். தரமான வேலையைக் குறித்த நேரத்தில் முடித்துத் தருவேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதே வரியைத்தான் மற்ற எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். மாற்றி எழுதியது இது:

"உங்கள் 30 நிமிடக் காணொளிக்கு இரண்டு நாளில் சப்டைட்டில் தருகிறேன், எஸ்ஆர்டி கோப்பாக, நேரக் குறிப்போடு. யூடியூபில் அப்படியே ஏற்றலாம். பேச்சாளர் வேகமாகப் பேசும் இடங்களில் வாசிக்க நேரம் கிடைக்கும்படி வரிகளைச் சுருக்கித் தருவேன்."

இரண்டாவதில் என்னைப் பற்றி ஒரு பெருமையும் இல்லை. வாங்குபவருக்கு என்ன கிடைக்கும், எவ்வளவு நாளில், எந்த வடிவத்தில் என்பது மட்டும் இருக்கிறது. இதை மாற்றிய பிறகு வந்த கேள்விகளின் தன்மையே மாறியது. "உங்களால் சப்டைட்டில் செய்ய முடியுமா?" என்று கேட்டவர்கள் போய், "என்னிடம் 45 நிமிடக் காணொளி இருக்கிறது, எவ்வளவு ஆகும்?" என்று கேட்பவர்கள் வந்தார்கள்.

அறிமுகத்தின் நடுப்பகுதியில் நீங்கள் வேலை செய்யும் முறையை மூன்று நான்கு வாக்கியத்தில் சொல்லுங்கள்: வாடிக்கையாளர் என்ன தர வேண்டும், எத்தனை முறை திருத்தம் உண்டு, எதைச் செய்ய மாட்டீர்கள். "செய்ய மாட்டேன்" என்று எழுதத் தயங்காதீர்கள். பாடல் வரிகளை மொழிபெயர்ப்பதில்லை என்று நான் எழுதியிருக்கிறேன். அதனால் போன வேலையைவிட, அதனால் தவிர்த்த தகராறுதான் அதிகம்.

மின்னஞ்சல், போன் எண், வாட்ஸ்அப், சொந்த இணையதள முகவரி எதையும் அறிமுகத்தில் போடக் கூடாது. மாதிரிப் படத்தின் மூலையில் வாட்டர்மார்க்காக இருந்தால்கூட அது விதிமீறல்தான். பழைய விசிட்டிங் கார்டு டிசைனை மாதிரியாக ஏற்றும் டிசைனர்கள் இதைக் குறிப்பாகப் பாருங்கள்.

இன்னொருவரின் ப்ரொஃபைலை நகலெடுத்துப் பெயர் மட்டும் மாற்றாதீர்கள். புகார் வந்தால் பதில் சொல்ல முடியாது.

படம்: தனியாக, சிரித்த முகமாக, தோளுக்கு மேல் மட்டும், பின்னால் வெற்றுச் சுவர். திருமணப் படத்திலிருந்து வெட்டியது, லோகோ, கார்ட்டூன் எதுவும் வேண்டாம். திறன் பட்டியலில் நீங்கள் உண்மையில் செய்வதை மட்டும் சேருங்கள்.

ஃபைவரில் கிக் தலைப்புக்கு 80 எழுத்து, தேடல் குறிச்சொற்கள் ஐந்து. ஐந்தையும் நிரப்புங்கள். வாடிக்கையாளர் தேடலில் தட்டும் சொல்லைப் போடுங்கள், தொழில்காரர்கள் தங்களுக்குள் பேசும் சொல் வேண்டாம். அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, தளத்தின் தேடல் பெட்டியில் உங்கள் சேவையின் முதல் சொல்லைத் தட்டி, கீழே தானாக என்னென்ன விரிகிறது என்று பார்ப்பது.

6. மாதிரி வேலைகள்

"ரிவ்யூ இல்லாமல் வேலை வராது, வேலை இல்லாமல் ரிவ்யூ வராது" என்ற புலம்பலுக்கு மருந்து இதுதான். வாடிக்கையாளர் இல்லாமலே மூன்று மாதிரி செய்யலாம். எனக்கு நானே மூன்று நிமிடப் பேச்சு ஒன்றைப் பதிவு செய்து, அதற்கு சப்டைட்டில் போட்டு, முன்னும் பின்னும் காட்டினேன். கீழே "மாதிரிக்காகச் செய்தது" என்று வெளிப்படையாக எழுதினேன். யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை.

பழைய முதலாளிக்குச் செய்த வேலையைப் போடுவதாக இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கணக்கு எழுதுபவர்கள் உண்மையான ஒரு நிறுவனத்தின் எண்களைப் படமாகப் போடவே கூடாது. எண்களையும் பெயர்களையும் மாற்றிப் புதிதாக ஒரு தாள் தயாரியுங்கள். மங்கலாக்கியது போதும் என்று நினைக்காதீர்கள்.

7. விலை வைப்பது

கமிஷன் கணக்கைத் தலைகீழாகப் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஃபைவர் ஒவ்வோர் ஆர்டரிலும் 20 சதவீதம் எடுக்கிறது. டிப்ஸ் வந்தாலும் அதிலும் எடுக்கும். உங்களுக்கு 100 டாலர் கையில் வர வேண்டும் என்றால் 20 சேர்த்து 120 வைக்கலாம் என்று தோன்றும். 120-இல் 20 சதவீதம் 24. கையில் வருவது 96. சரியான கணக்கு 100-ஐ 0.8-ஆல் வகுப்பது. விடை 125. அதில் 25 போனால் 100 மிஞ்சும். எந்தத் தளமாக இருந்தாலும் இப்படியே போடுங்கள்: வேண்டிய தொகையை, கமிஷன் போக மீதமுள்ள பங்கால் வகுக்க வேண்டும்.

அப்வொர்க்கில் 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை. எந்த வேலைக்கு எவ்வளவு என்று விண்ணப்பிக்கும்போதே திரையில் தெரியும். அங்கே விண்ணப்பிக்கவும் கனெக்ட்ஸ் என்ற டோக்கன் செலவாகும். ஒன்றின் விலை 0.15 டாலர், ஒரு வேலைக்குப் பல கனெக்ட்ஸ் கேட்பார்கள். மாதம் முப்பது விண்ணப்பம் போட்டு இரண்டு வேலை கிடைத்தால், முப்பதின் செலவையும் அந்த இரண்டுதான் தாங்க வேண்டும்.

ஃப்ரீலான்சர் தளத்தில் நிலையான விலை வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்ட கணமே 10 சதவீதம் அல்லது 5 டாலர், எது அதிகமோ அது, பிடிக்கப்படும். வாடிக்கையாளர் இன்னும் ஒரு காசு தந்திருக்க மாட்டார். அதனால் அவர் முதல் தவணையைத் தளத்தில் போடும் வரை "ஏற்கிறேன்" என்று அழுத்த அவசரப்படாதீர்கள்.

கமிஷனுக்குப் பிறகும் இரண்டு கழிவு இருக்கிறது: பணத்தை வெளியே எடுக்கும் கட்டணம், நாணயத்தை மாற்றும்போது போகும் வித்தியாசம். எடுக்கும் கட்டணம் பெரும்பாலும் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று இருப்பதால், சின்னச் சின்னதாக ஐந்து முறை எடுப்பதைவிடச் சேர்த்து ஒருமுறை எடுப்பது மிச்சம்.

முதல் மூன்று வேலைக்குக் கொஞ்சம் குறைத்து வைப்பதில் தப்பில்லை. பாதி விலைக்கு இறங்காதீர்கள். மிகவும் குறைந்த விலையில் வருபவர்தான் பன்னிரண்டு தடவை திருத்தம் கேட்பார், மூன்று நட்சத்திரமும் போடுவார். விலையைக் குறைப்பதற்குப் பதில் வேலையின் அளவைக் குறைத்து ஒரு சின்னத் தொகுப்பாக வையுங்கள். ஃபைவரில் மூன்று தொகுப்பு வைக்க இடமிருக்கிறது, முதலாவதை அப்படி அமையுங்கள்.

8. வரிப் படிவமும் பணம் வரும் வழியும்

அமெரிக்கத் தளங்கள் அமெரிக்கர் அல்லாதவர்களிடம் டபிள்யூ-8பென் என்ற படிவம் கேட்கும். பெயரைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். "நான் அமெரிக்க வரி செலுத்தும் ஆள் இல்லை" என்று நீங்கள் உறுதி சொல்லும் ஒரு பக்கம், அவ்வளவுதான். கட்டணம் கிடையாது, தளத்திலேயே மின்னணுக் கையெழுத்து போட்டு முடிக்கலாம். நிரந்தர முகவரி கேட்கும் இடத்தில் அஞ்சல் பெட்டி எண் கொடுக்கக் கூடாது, வீட்டு முகவரிதான். பெயர் மறுபடியும் அதே எழுத்துகளில். இதைக் கொடுத்துவிட்டதால் சொந்த நாட்டில் வரி இல்லை என்று அர்த்தமில்லை. இந்த வருமானத்தை அங்கே காட்டத்தான் வேண்டும்.

பணம் எடுக்க நேரடி வங்கிப் பரிமாற்றம், பேயோனியர், பேபால் (இவை இரண்டும் இணையப் பணச் சேவைகள்) என்று வழிகள் இருக்கும். எல்லா நாட்டிலும் எல்லாமும் கிடைக்காது. அதைப் பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பேயோனியரிலும் பேபாலிலும் தனியாக அடையாளச் சரிபார்ப்பு உண்டு, அதற்கும் சில நாள் ஒதுக்குங்கள். வங்கி என்றால் கணக்கு எண்ணும் ஸ்விஃப்ட் குறியீடும் (வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கியை அடையாளம் காட்டுவது) தேவை, சில நாடுகளில் ஐபான் என்ற சர்வதேசக் கணக்கு எண். கணக்கு உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். அப்பாவின் கணக்கு, மனைவியின் கணக்கு எல்லாம் திரும்பி வந்துவிடும். திரும்பி வரும் பணத்தில் வங்கிக் கட்டணமும் பிடித்திருப்பார்கள்.

அப்வொர்க்கில் பணம் எடுக்கும் வழியைப் புதிதாகச் சேர்த்தால் அது செயல்பட மூன்று நாள் காத்திருக்க வேண்டும். பணம் வந்த பிறகு சேர்க்காமல் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

9. முதல் வேலையைத் தேடும்போது

விண்ணப்பங்களை அள்ளி வீசாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு போதும், ஆனால் அந்த இரண்டுக்கும் வேலை விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். சிலர் விவரத்தின் நடுவே "இந்தச் சொல்லை உங்கள் பதிலில் முதலில் எழுதுங்கள்" என்று போட்டிருப்பார்கள், படித்தவர் யார் என்று பார்க்க. வாடிக்கையாளரின் பணம் செலுத்தும் வழி சரிபார்க்கப்பட்டதா, இதற்கு முன் எத்தனை பேரை வேலைக்கு எடுத்திருக்கிறார், அவர்கள் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

இப்போது மோசடிகள். புதுக் கணக்கைக் குறிவைத்தே இவர்கள் வருவார்கள். உங்களுக்கு வரும் முதல் மெசேஜே அவர்களுடையதாக இருக்கலாம்.

"டெலிகிராமுக்கு வாங்க, அங்கே பேசலாம்" என்பது அடையாளம் ஒன்று. ஒப்பந்தம் தொடங்கும் முன்பே பேச்சை வெளியே இழுத்தால் நிறுத்திவிடுங்கள். வெளியே நடந்த எதற்கும் தளம் உங்களுக்காகப் பேசாது. வெளியே பணம் வாங்கியதற்காக உங்கள் கணக்கையே மூடவும் அதற்கு உரிமை இருக்கிறது.

வேலை தருவதற்கு முன் "பதிவுக் கட்டணம்", "பாதுகாப்பு டெபாசிட்", "பயிற்சி மென்பொருள் விலை" என்று உங்களிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. போனுக்கு வரும் ஓடிபியை "சரிபார்க்க வேண்டும், அனுப்புங்கள்" என்று கேட்பவர் உங்கள் கணக்கைத்தான் கேட்கிறார். தளத்தின் உதவிக் குழு போலவே பெயர் வைத்துக்கொண்டு சாட்டில் லிங்க் அனுப்புவார்கள். உண்மையான அறிவிப்பு உங்கள் கணக்கின் அறிவிப்புப் பகுதியில் இருக்கும், நீங்களே உள்நுழைந்து பாருங்கள்.

இலவச மாதிரி கேட்பவர் எல்லோரும் மோசடிக்காரர் இல்லை. சின்னதாக ஒரு பத்தி செய்து காட்டச் சொல்வது நியாயம். ஆனால் ஒரு புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை இலவசமாகக் கேட்டால், இரண்டாவது அத்தியாயத்தை இன்னொரு புது ஆளிடம் கேட்டிருக்கக்கூடும்.

நிலையான விலை வேலையில், தவணைப் பணம் தளத்தின் காப்பில் வந்துவிட்டதா என்று திரையில் பார்க்காமல் தொடங்காதீர்கள். அப்வொர்க்கில் மணிநேர வேலை என்றால் அதன் டெஸ்க்டாப் செயலியை ஓடவிட்டு, என்ன செய்கிறீர்கள் என்ற குறிப்போடு நேரத்தைப் பதியுங்கள். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும். அதனால் வங்கிப் பக்கத்தையும் குடும்பச் சாட்டையும் அந்த நேரத்தில் மூடி வையுங்கள். கையால் எழுதிச் சேர்த்த நேரத்துக்குப் பணப் பாதுகாப்பு கிடையாது.

ரிவ்யூ வாங்க நண்பரை விட்டு ஆர்டர் போடச் சொல்லாதீர்கள். ஒரே வீட்டு இணையம், ஒரே அட்டை, ஒரே ஊர் என்று தளத்துக்கு எத்தனையோ வழியில் தெரிந்துவிடும்.

10. பணம் எப்போது கைக்கு வரும்?

வீட்டுச் செலவை இதை நம்பித் திட்டமிடுபவர்கள் இந்தப் பகுதியைக் காலண்டரை வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஃபைவரில் 1-ஆம் தேதி வேலையை ஒப்படைத்தீர்கள், வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளில், அதாவது 4-ஆம் தேதி, ஆர்டர் தானாகவே முடிந்ததாகும். புதியவர்களுக்கு அதிலிருந்து 14 நாள் காத்திருப்பு. 18-ஆம் தேதிதான் எடுக்க முடியும். வங்கிக்கு வந்து சேர இன்னும் சில நாள்.

அப்வொர்க்கில் நிலையான விலை வேலையை 1-ஆம் தேதி சமர்ப்பித்தால், வாடிக்கையாளர் பேசாமல் இருந்துவிட்டால் 14 நாள் கழித்து 15-ஆம் தேதி பணம் தானாக விடுபடும். அதன்மேல் ஐந்து நாள் பாதுகாப்புக் காத்திருப்பு, ஆக 20-ஆம் தேதி. அவர் முதல் நாளே ஒப்புதல் அழுத்திவிட்டால் அந்த 14 நாள் மிச்சம். அதனால் ஒப்படைக்கும்போதே "பார்த்துவிட்டுச் சரியாக இருந்தால் ஒப்புதல் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதுவது வழக்கமாகட்டும். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தாமல் கோப்பைச் சாட்டில் மட்டும் அனுப்பினால் இந்த 14 நாள் கணக்கு தொடங்கவே தொடங்காது. இதில் மாட்டியவர்கள் நிறையப் பேர்.

மணிநேர வேலைக்கு வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை, யுடிசி என்ற உலகப் பொது நேரப்படி. 1-ஆம் தேதி திங்கள் என்றால் 7-ஆம் தேதி ஞாயிறோடு வாரம் முடியும், பணம் 17-ஆம் தேதி புதன்கிழமை எடுக்கத் தயாராகும்.

பதிவு, சரிபார்ப்பு, முதல் வேலை தேடுவது, இந்தக் காத்திருப்பு எல்லாம் சேர்த்து இரண்டிலிருந்து மூன்று மாதத்துக்கு வேறு வருமானம் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கையில் பணம் இல்லாத அவசரத்தில்தான் டெலிகிராம்காரர் சொல்வது நியாயமாகத் தெரியும்.

கடைசியாக, போன் காலண்டரில் இரண்டு நினைவூட்டல் போட்டுவிடுங்கள். ஒன்று, அடையாள ஆவணம் காலாவதியாவதற்கு மூன்று மாதம் முன்பு. இன்னொன்று டபிள்யூ-8பென் படிவத்துக்கு. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிந்தைய மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரைதான் அது பொதுவாகச் செல்லும். 2025-இல் போட்டது 2028 முடிவு வரை. அந்த ஆண்டு நவம்பரிலேயே புதிதாகக் கையெழுத்திட்டுவிடுங்கள்.